இன்பக் கணக்கு எழுதுவது எப்படி

ஒரு சம்பா வரவு முழுவதும் நான் பொய்க் கழிவு எழுதியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த நெல் அரவை மில்லில், வெயிலில் நன்றாகக் காய்ந்து சலசலவென்று வந்த நெல்லுக்கும் ஈரக் கழிவு என்று மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ பிடிக்கச் சொன்னார்கள். சிட்டையில் எழுதியது என் கை. நெல் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒரு பெரியவர் சிட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஒரு நெல்லைப் பல்லுல வச்சுக் கடிச்சுப் பாரேன். டக்குனு உடையுது. இதுக்கா ஈரம்?” என்று கேட்டார். நான் தலை நிமிரவில்லை.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அன்றைய என் சம்பளம் 11,500 ரூபாய். அதில் போன் தவணை 1,450, ஃபிரிட்ஜ் தவணை 1,800, சீட்டுப் பணம் 3,000, அடகு வட்டி 900. மொத்தம் 7,150. மீதியில்தான் வீடு. ஒரு மாதம் வேலை இல்லாமல் இருந்தால் நான்கு இடத்திலிருந்தும் ஆள் வரும். அதனால் எழுதினேன்.

அந்த நான்கு வரியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரியில்தான், என்னுடைய சுதந்திரம் போனது முதலாளியின் அறையில் இல்லை, என் ஆசைகளின் பட்டியலில் என்று எனக்குத் தெரிந்தது. எல்லாமே ‘நாலு பேர் மாதிரி நாமும் கொஞ்சம் அனுபவிக்கலாமே’ என்று தொடங்கியவை. அப்படித் தொடங்கியதில் தப்பு இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அனுபவிக்கத் தெரியாமல் தொடங்கியதுதான் தப்பு.

அனுபவிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ள முடியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எபிகூரஸ். வரலாறு படிக்கும் என் மகள் கல்லூரி நூலகத்திலிருந்து கிரேக்கத் தத்துவம் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். “அம்மா, இந்த ஆளு உன்னை மாதிரியே கணக்குப் பார்க்கிறாரு” என்று ஒரு பக்கத்தைக் காட்டினாள். அதிலிருந்து ஆறு வருஷமாக ஒரு நோட்டு எழுதி வருகிறேன். அதை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் தத்துவம் படித்தவள் இல்லை. கும்பகோணம் பக்கத்தில் ரைஸ் மில் கணக்கு எழுதி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஆளையும் ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடுதான் படித்தேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

எபிகூரஸ் கி.மு. 341-இல் சாமோஸ் தீவில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸுக்கு வந்து, நகர வாசலுக்கு வெளியே 80 மினா (அந்தக் காலத்துக் கிரேக்கப் பணம்) கொடுத்து ஒரு தோட்டம் வாங்கினார். அந்தத் தோட்டமே அவருடைய பள்ளி. பெண்களும் அடிமைகளும் அங்கே உடன் உட்கார்ந்து படித்தார்கள். லியோன்டியன் என்ற பெண்ணும் மூஸ் என்ற அடிமையும் அந்த வட்டத்தில் இருந்தவர்கள். மூஸுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் தன் உயிலில் விடுதலை எழுதி வைத்துவிட்டுத்தான் அவர் போனார். கி.மு. 270 வாக்கில், எழுபத்திரண்டு வயதில்.

அவர் பேரைச் சொன்னாலே சாப்பாட்டு ரசிகர் என்று ஒரு அர்த்தம் ஐரோப்பிய மொழிகளில் நிலைத்துவிட்டது. இன்பமே வாழ்க்கையின் முதலும் முடிவும் என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்தத் தோட்டத்து வாசலில் என்ன நடக்கும் என்று, முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ரோமில் இருந்த செனகா என்ற தத்துவஞானி எழுதியிருக்கிறார். ‘விருந்தாளியே, இங்கே நீ சுகமாகத் தங்கலாம், இங்கே இன்பமே உயர்ந்த நன்மை’ என்று வாசலில் எழுதியிருக்கும். உள்ளே போனால் காவலாளி அன்போடு வரவேற்று வாற்கோதுமைக் கூழும் வயிறு நிறையத் தண்ணீரும் கொடுப்பார். கொடுத்துவிட்டு, நல்ல உபசாரம்தானே என்று கேட்பார். இந்தத் தோட்டம் பசியைக் கிளப்பாது, தணிக்கும் என்பார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கும் நீராகாரப் பானை நினைவுக்கு வந்தது. உச்சி வெயிலில் நடந்து வந்தவனுக்கு அதற்கு மேல் ஒரு இன்பம் கிடையாது. எபிகூரஸ் சொல்வதும் அதுவே. மெனோயிகியஸ் என்ற சீடருக்கு எழுதிய கடிதத்தில், பசித்தவன் வாயில் வைக்கும் ரொட்டியும் தண்ணீரும் தரும் இன்பமே உச்சம் என்கிறார். அந்தக் கடிதம் சில பக்கங்கள்தான். ஒரே உட்காரலில் படித்துவிடலாம். குடித்துக் கும்மாளமிடுவதையோ வகைவகையாக மீன் தின்பதையோ நான் இன்பம் என்று சொல்லவில்லை, எதைத் தேர்ந்தெடுப்பது எதை விடுவது என்று காரணம் தேடும் நிதானமான ‘லோகிஸ்மோஸ்’தான் இன்ப வாழ்வைத் தரும் என்று அதில் வருகிறது. லோகிஸ்மோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு யோசனை என்றும் பொருள், கணக்குப் போடுதல் என்றும் பொருள். மகள் அகராதியைப் பார்த்து அதைச் சொன்ன அன்றைக்கே நான் நோட்டு வாங்கிவிட்டேன்.

நோட்டும் முதல் வாரமும்

நாற்பது பக்க நோட்டு போதும். போனில் எழுதாதீர்கள். ஆசை வருகிற வழியும் அதுதான், கணக்கும் அதற்குள்ளேயே இருந்தால் இரண்டும் கலந்துபோகும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். அன்றைக்கு உண்மையிலேயே எதை அனுபவித்தீர்கள் என்று மட்டும் ராத்திரி எழுதுங்கள். என்ன, எத்தனை மணிக்கு, யாரோடு, என்ன செலவு. நான்கு கட்டம். வாங்கியதை எழுதக் கூடாது, ருசித்ததை எழுத வேண்டும். புடவை வாங்கியது செலவுக் கணக்கில் வரும். அதை உடுத்திக்கொண்டு நடந்தபோது ஒரு நிமிஷமாவது சந்தோஷமாக இருந்திருந்தால்தான் இந்த நோட்டில் வரும்.

என் முதல் வாரத்தில் மொத்தம் பத்தொன்பது வரி. அதில் பதினாலு வரிக்குச் செலவுக் கட்டம் காலி. குளித்துவிட்டு ஈரத்தலையோடு கொல்லையில் நின்றது. மதியம் சோற்றுக்குப் பிறகு லோடுமேன் பையன் சொன்ன கதைக்குச் சிரித்தது. மகள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டது. தவணை கட்டிக்கொண்டிருந்த போன் ஒரே ஒரு தடவை வந்திருந்தது, தம்பியோடு பேசியதற்காக. அதற்குப் பழைய போனே போதும். ஃபிரிட்ஜ் ஒரு தடவைகூட இல்லை.

உங்கள் நோட்டில் வேறு மாதிரி வரலாம். வந்ததை அப்படியே எழுதுங்கள். இங்கே பொய் எழுதினால் யாரும் பிடிக்க மாட்டார்கள், அதனால்தான் எழுதக் கூடாது.

மூன்று பத்தி

இரண்டாவது வாரம் நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மூன்று பத்தி போடுங்கள். இது எபிகூரஸின் பிரிவு, என்னுடையது இல்லை.

முதல் பத்தி, இயற்கையானதும் அவசியமானதுமான ஆசை. பசி ஆற வேண்டும், தாகம் தீர வேண்டும், குளிர் தாக்கக் கூடாது. உடம்பின் கூக்குரல் இந்த மூன்றுதான் என்கிறார். இவற்றோடு நட்பையும் பயமில்லாத மனதையும் நான் இந்தப் பத்தியில்தான் வைக்கிறேன். அவரும் அப்படித்தான் வாழ்ந்தார்.

இரண்டாவது, இயற்கையானது ஆனால் அவசியமில்லாதது. நல்ல சாப்பாடு இதில் வரும். கஞ்சியும் பசியைத் தீர்க்கும், நெய் ஒழுகும் பொங்கலும் தீர்க்கும். பசி தீர்ந்த பிறகு இன்பம் கூடாது, அதன் வகைதான் மாறும் என்று அவருடைய நாற்பது முதன்மைக் கோட்பாடுகளில் ஒன்று சொல்கிறது. வகை மாறுவது கெட்டதில்லை. கிடைத்தால் ரசிக்கலாம், கிடைக்காவிட்டால் எதுவும் குறையாது.

மூன்றாவது, இயற்கையும் இல்லை, அவசியமும் இல்லை. மற்றவர் கண்ணுக்காக வருகிற ஆசை. பழைய உரைக்குறிப்பு ஒன்று இதற்குக் கொடுக்கும் உதாரணம் மகுடமும், ஊரில் தனக்குச் சிலை வைப்பதும். இந்த மூன்றாவதற்கு எல்லை கிடையாது. வயிற்றுக்கு எல்லை உண்டு. நிறைந்தால் போதும் என்று சொல்லிவிடும். மற்றவர் கண் எப்போது நிறைந்தது?

பிரிப்பது சுலபமில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காபியே பெரிய தகராறு. எங்கள் ஊர்க்காரருக்குக் காபியை இரண்டாவது பத்தியில் எழுதக் கை வராது. முதலில் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் ஒரு சோதனை கண்டுபிடித்தேன்: அது கிடைக்காத நாளில் நான் யார் மேல் எரிந்து விழுகிறேன்? பால் வராத ஒரு நாள், நாலு மணிக்குக் காபி இல்லாமல், 62 மூட்டையை 26 என்று எழுதிவிட்டு, எடை போட்ட பையனைத் திட்டியிருந்தேன். தாகத்துக்குத் தண்ணீர் இருந்தது. ஆக, காபி இரண்டாவது பத்திதான். அவசியமில்லாத ஒன்று அவசியத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

சீட்டு போட்டது நாலு வளையலுக்காக. நாத்தனார் போட்டிருந்த அதே மாதிரி. அதை மூன்றாவது பத்தியில் எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதிய பிறகு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு கேள்வி

எபிகூரஸின் கருத்துகளைத் தொகுத்த ஒரு சுவடி வத்திக்கான் நூலகத்தில் இருந்து 1888-இல் கண்டெடுக்கப்பட்டது. எண்பத்தொரு வாசகங்கள். அதில் எழுபத்தோராவதை நான் நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஆசையிடமும் கேள்: நீ கேட்பது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும்? நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்?

படிக்கும்போது சாதாரணமாக இருக்கும். கடைசிவரை எழுதிப் பார்த்தால்தான் அதன் வேலை தெரியும். எழுதும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, கடையில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். அங்கே பதில் எப்போதும் ஒன்றுதான். வீட்டில், சாப்பிட்டு முடித்து, வயிறு அமைதியாக இருக்கும்போது கேளுங்கள். இரண்டு, ‘சந்தோஷமாக இருக்கும்’, ‘கஷ்டமாக இருக்கும்’ என்று எழுதாதீர்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். மூன்று, இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது, நாளைக் காலை பத்து மணிக்கு என் உடம்பில் எது குறைந்திருக்கும் என்று பாருங்கள். இந்தப் பத்து மணி என்னுடைய சேர்க்கை. மில்லில் அப்போதுதான் முதல் வண்டி வரும், கை ஓயாது. அந்த நேரத்திலும் குறையாகத் தெரிவதுதான் உண்மையான குறை.

வளையலுக்கு நான் எழுதியது: ‘நிறைவேறினால், தை மாதக் கல்யாணத்தில் நாத்தனார் ஒரு தடவை பார்ப்பார். நல்லா இருக்கு என்பார். அவர் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று நான் தேடுவேன். பஸ்ஸில் முந்தானையால் மூடிக்கொண்டு உட்காருவேன். பிறகு பீரோவில் இருக்கும். ஒரு அவசரத்துக்கு அடகு போகும். நிறைவேறாவிட்டால், அதே கல்யாணத்தில் கண்ணாடி வளையல். காலை பத்து மணிக்கு: ஒன்றும் குறையவில்லை. பேனா பிடிக்கிற கையில் வளையல் எப்படியும் இடிக்கும்.’

ஐப்பசியில் சீட்டு முடிந்தது. 60,000 ரூபாய் வந்தது. 45,000 கொடுத்து அடகை மீட்டேன், மீதியை ஃபிரிட்ஜ் தவணைக்குக் கட்டி முடித்தேன். நகைக்கடை வாசலைத் தாண்டி நடந்தபோது எனக்குத் தியாகம் செய்த மாதிரி இருக்கவில்லை. இலேசாக இருந்தது. அன்றைய நோட்டில் அது ஒரு வரியாக இருக்கிறது, செலவுக் கட்டம் காலி.

இந்தக் கேள்விகள் எப்போதும் ‘வேண்டாம்’ என்றே சொல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். மகளுக்கு வண்டி வாங்குவதைப் பற்றியும் கேட்டேன். நிறைவேறினால், மாலை ஆறரைக்கு இருட்டில் பஸ் நிறுத்தத்தில் நிற்க மாட்டாள், ஒன்றரை மணி நேரம் மிச்சம். நிறைவேறாவிட்டால், காலை பத்து மணிக்கும் எனக்கு அந்த நிறுத்தம்தான் ஞாபகத்தில் இருக்கும். வாங்கினோம். பழைய வண்டி, ரொக்கமாக. எல்லா இன்பத்தையும் எடுத்துக்கொள்ள மாட்டோம், எல்லா வலியையும் தள்ளிவிடவும் மாட்டோம், பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்போம் என்பது அவருடைய கடிதத்தில் இருப்பது. அளந்தால் சில சமயம் வாங்கச் சொல்லும்.

இன்னொன்று நானாகச் செய்தது. அதே இரண்டு கேள்வியைப் பயத்திடமும் கேட்டேன். வேலை போய்விடும் என்ற பயத்திடம். அதை இப்போது சொல்ல மாட்டேன், கடைசியில் வருகிறேன்.

குறைத்து உண்ணும் நாட்கள்

இந்தப் பயிற்சியைத்தான் ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும் புரிந்துகொண்டேன். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

எபிகூரஸ் சில நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கு மிகச் சிக்கனமாகச் சாப்பிடுவார். முழு இன்பத்தில் ஏதாவது குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு, அந்தக் குறை இவ்வளவு பெரிய பாடுபட்டுத் தீர்க்க வேண்டியதுதானா என்று பார்ப்பதற்காக. பாலியானஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தான் ஒரு செப்புக் காசுக்கும் குறைவான செலவில் சாப்பிட்டுவிடுவதாகவும், இன்னும் அவ்வளவு தேறாத மெட்ரோடோரஸ் என்ற நெருங்கிய சீடருக்கு முழுக் காசு வேண்டியிருக்கிறது என்றும் பெருமையோடு எழுதியிருக்கிறார். காசு வரைக்கும் கணக்கு எழுதி வைத்த தத்துவஞானி! செனகா இதைச் சொல்லித்தான் தன் நண்பருக்கும் அப்படிச் சில நாள் இருந்து பார்க்க யோசனை சொல்கிறார்.

நான் மாதத்தில் மூன்று நாள் வைத்திருக்கிறேன். சம்பளம் வந்த மறுநாளில் இருந்து தொடர்ந்து மூன்று. பணம் கையில் இருக்கும்போது செய்தால்தான் அது பயிற்சி, மாதக் கடைசியில் செய்தால் அது வறுமை. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் சோறு, மோர், ஒரு ஊறுகாய், ராத்திரி கஞ்சியும் துவையலும். காபி இல்லை. போனில் பேசுவது மட்டும். வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், இதை மறக்காதீர்கள். பட்டினி கிடப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பசியைத் தீர்த்துவிடு என்பதே உடம்பின் முதல் கூக்குரல் என்று சொன்னவரின் பெயரால் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் சாப்பாட்டில் கை வைக்காமல் போனையும் காபியையும் மட்டும் விட்டுப் பாருங்கள். என் மாமியாருக்கு அப்படித்தான் வைத்தேன். அவர் அந்த மூன்று நாளும் சீரியலை விட்டார்.

முதல் மாதம் முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் எரிச்சல். மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு, அந்த நேரம் வந்ததையே கவனிக்காமல் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் காலை டபராவில் நுரை பொங்கக் காபி வந்தது. எத்தனையோ வருஷம் கழித்து அதன் மணத்தை அன்றைக்குத்தான் மோந்தேன். இப்போதும் நான் தினமும் காபி குடிக்கிறேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இல்லாமல் இருக்க முடியும் என்று தெரிந்த பிறகு குடிக்கிற காபிதான் எனக்குச் சொந்தமான காபி. எபிகூரஸும் எப்போதும் குறைவாகவே இரு என்று சொல்லவில்லை. நிறைய இல்லாதபோது குறைவு போதுமானதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பழகுகிறோம் என்றார். ஆடம்பரம் தேவைப்படாதவர்தான் ஆடம்பரத்தை மிக இனிமையாக அனுபவிப்பார் என்பதும் அவர் சொன்னதே.

இது வெறும் பேச்சில்லை என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. கி.மு. 295 வாக்கில் டெமட்ரியஸ் என்ற அரசன் ஏதென்ஸை முற்றுகையிட்டான். ஊருக்குள் கொடிய பஞ்சம். கூரையிலிருந்து விழுந்த செத்த எலிக்காகத் தகப்பனும் மகனும் அடித்துக்கொண்டதாகப் புளூடார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதுகிறார். அந்த நாட்களில் எபிகூரஸ் தன் தோட்டத்து ஆட்களுக்கு அவரைக்கொட்டைகளை எண்ணிப் பங்கிட்டுக் கொடுத்து உயிரோடு காப்பாற்றினார். இத்தனை என்று எண்ணி. படிக்கும்போதெல்லாம் அந்தக் கையை நான் மனசுக்குள் பார்க்கிறேன்.

இனி நான் வழுக்கிய இடம். இரண்டாவது வருஷம் எனக்குக் குறைப்பதிலேயே ஒரு ருசி வந்துவிட்டது. மகள் வெள்ளிக்கிழமை பத்து ரூபாய்க்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தாள். “இது எந்தப் பத்தி?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி பூ வரவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அந்த வீட்டில் இருந்த ஒரு வாசனையை நான் கணக்குக் கேட்டே துரத்திவிட்டேன். சிக்கனத்துக்கும் ஒரு எல்லை உண்டு, அதைக் கவனிக்காதவன் வரம்பில்லாமல் செலவழிப்பவனைப் போலவே துன்பப்படுவான் என்று அறுபத்துமூன்றாவது வாசகம் இருக்கிறது. அதைப் பலமுறை படித்துக் கடந்து போயிருந்தேன். அன்றைக்குத்தான் அது என்னைப் பிடித்தது. மூன்றாவது வெள்ளி நானே இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போனேன். உங்கள் நோட்டு உங்களுக்கு மட்டும்தான். வீட்டில் வேறு யாருடைய ஆசையையும் அதில் எழுதாதீர்கள்.

இருபதாம் தேதி

தனியாக அனுபவிப்பதை இந்த முறை ஏற்காது. ஒவ்வொரு மாதமும் இருபதாம் நாள் நண்பர்கள் கூடிச் சாப்பிட வேண்டும், தன்னையும் மெட்ரோடோரஸையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எபிகூரஸ் உயிலில் பணமே ஒதுக்கி வைத்தார். என்ன சாப்பிடப் போகிறோம் என்று பார்ப்பதற்கு முன்னால் யாரோடு சாப்பிடப் போகிறோம் என்று பார் என்பதும் அவருடையது. ஒரு நண்பருக்கு, ‘ஒரு சின்னப் பானைப் பாலாடைக்கட்டி அனுப்பு, நினைத்தபோது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார். ஒரு பானை, அதுவும் சின்னது, அவருக்கு விருந்து.

எங்கள் வீட்டிலும் இருபதாம் தேதி உண்டு. ஆளுக்கு ஒரு பதார்த்தம். ஒன்றுக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்பது ஒரே விதி. போன மாதம் எடை போடும் பையன் அவன் அம்மா செய்த சுட்ட கத்தரிக்காய்க் கொத்சு கொண்டுவந்தான். இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, செய்தாலே பிடிபட்டுவிடும்.

மாட்டேன் என்று சொல்வது

இன்பத்துக்கும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எபிகூரஸ் இரண்டு இடத்தில் பதில் வைத்திருக்கிறார். ஒன்று பெரிய இடம். உலகத்தில் எல்லாம் முன்கூட்டியே விதிக்கப்பட்டது என்று சொன்ன அறிஞர்களை அவர் ஏற்கவில்லை. அந்த விதிக்கு அடிமையாவதைவிடத் தெய்வக் கதைகளை நம்புவதே மேல், தெய்வத்தையாவது வேண்டிக்கொள்ளலாம் என்கிறார். சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன, அதனால்தான் நம்மைப் புகழவும் குறை சொல்லவும் முடிகிறது என்கிறார். இன்னொன்று சின்ன இடம், எனக்கு அதுவே நெருக்கம். சுதந்திரமாக வாழ்கிறவர் பெரிய சொத்து சேர்க்க முடியாது, கூட்டத்துக்கோ அரசனுக்கோ அடிமைப்படாமல் அது சுலபத்தில் வராது. அதோடு எழுபத்தேழாவது வாசகம்: தன்னிறைவின் மிகப் பெரிய பலன் சுதந்திரம்.

அடகு மீண்டு, தவணைகள் முடிந்து, அடுத்த சம்பா வரவுக்கு இருபது நாள் இருந்தது. பயத்திடம் இரண்டு கேள்வியைக் கேட்டு எழுதினேன். ‘வேலை போனால்: கூழும் சோறும் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், மூன்று நாள் மூன்று நாளாகப் பழகியிருக்கிறேன். மாதம் 4,000-க்குள் வீடு ஓடும். கையில் நான்கு மாதத்துக்கு இருக்கிறது. போகாவிட்டால்: தை பிறந்ததும் அந்தப் பெரியவர் வருவார், சிட்டையை வாங்கிப் பார்ப்பார்.’

முதல் வண்டி வந்த அன்று வழக்கம்போல் கழிவு எழுதச் சொன்னார்கள். “இல்லைங்க முதலாளி, ஈரம் இருந்தா எழுதுறேன். இல்லாத ஈரத்தை எழுத மாட்டேன்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கத்தவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு இப்போதைய மில்லில் 10,000 சம்பளத்துக்குச் சேர்ந்தேன். ஆயிரத்தைந்நூறு குறைவு. எதிலிருந்து குறைப்பது என்று நோட்டைப் புரட்டினால் பதில் இருந்தது.

ஒரு விஷயத்தில் நான் எபிகூரஸோடு உடன்படவில்லை. அநியாயம் தன்னளவில் தீமை இல்லை, பிடிபட்டுவிடுவோமோ என்ற ஓயாத பயம்தான் அதிலுள்ள தீமை என்று அவர் எழுதியிருக்கிறார். நியாயமாக நடப்பவருக்கே கலக்கம் மிகக் குறைவு என்பதுவரை எனக்குச் சம்மதம். ஆனால் அந்த வரவு முழுவதும் நான் பிடிபடுவேன் என்று ஒரு நாளும் பயப்படவில்லை. சிட்டை என் கையில், தராசு அவர்கள் கையில். எனக்கு ராத்திரி சோறு இறங்காமல் போனது அந்தப் பெரியவர் நெல்லைக் கடித்துக் காட்டிய முகத்தால். பயம் இல்லாத இடத்திலும் இன்பம் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும், அப்போதே நோட்டு எழுதியிருந்தால் அந்த மாதங்களின் பக்கங்கள் வெறுமையாக இருந்திருக்கும். வேலையை விட்ட பிறகு அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன், நெல்லைக் கொண்டுபோகும் முன் ஈரப்பதம் பார்த்து எழுதி வாங்கிக்கொண்டு போங்கள் என்று. அவர் மோர் கொடுத்தார். குடித்தேன்.

பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எபிகூரஸ் சிறுநீரகக் கல்லால் இறந்தார். வெந்நீர் நிரப்பிய வெண்கலத் தொட்டியில் உட்கார்ந்திருந்த அந்தக் கடைசி நாளில் இடோமெனியஸ் என்ற நண்பருக்கு எழுதினார்: வலி இதற்கு மேல் கூட முடியாத அளவில் இருக்கிறது, ஆனாலும் நாம் பேசிக்கொண்டிருந்த பேச்சுகளின் நினைவு தரும் மகிழ்ச்சியை அதற்கு எதிரில் நிறுத்தியிருக்கிறேன், மெட்ரோடோரஸின் குழந்தைகளைப் பார்த்துக்கொள். நினைவையும் இருப்பில் சேர்த்தவர் அவர். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை, இருபதாம் தேதி சாப்பாட்டுக்கு முன்னால், ஏதாவது ஒரு பழைய பக்கத்தை எடுத்து வாசிக்கிறேன். போன மாதம் நான் வேலையை விட்டு வந்த நாளின் பக்கம் வந்தது.

‘மாலை 5.40. தனியாக. பஸ், ஜன்னல் சீட்டு. அரசலாற்றுப் பாலத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. தண்ணீர் ஓடியது. செலவு: டிக்கெட் மட்டும்.’